பாஞ்சாலை மேல் கோடு விழாமல்

1

இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது. அதை மறைத்து, ஏதோ ஞானத்தில் பிறந்ததைப் போல எழுதவும் எனக்குத் தெரியும். எழுதியும் பார்த்தேன்.

"விருத்தாசலத்து வெயிலில் சூளைகள் —"

(அடித்துவிட்டேன். எங்களூர்க் கதை வெயிலில்தான் தொடங்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.)

நடந்தது இதுதான். என்னுடைய ஆறாவது சிறுகதைத் தொகுப்புக்கு அட்டைப்படம் வேண்டியிருந்தது. நான் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஆகவே அட்டையில் ஒரு ரயில், தலைப்பின் எழுத்துகளை ஊடறுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இளமதியிடம் போனேன். பீங்கான் தொழிற்பேட்டையில் காத்தவராயன் என்பவர் நடத்தும் சின்ன யூனிட்டில் பொம்மைக்கும் சுவரில் பதிக்கிற ஓட்டுக்கும் டிசைன் போடுகிறவர் அவர். முப்பத்திரண்டு வயதுப் பெண். வெளிவேலையும் எடுத்துச் செய்வார்.

"ரயிலு சாயங்காலம் ஆயிடும் சார். அது எழுத்த வெட்டிக்கினு போறதுக்கு மட்டும் மூணு நாளு ஆவும்" என்றார்.

"வெட்டுறதுக்கு மூணு நாளா?"

"இந்த சாஃப்ட்வேர்ல கத்தி இல்ல சார்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும். அந்த முகத்துக்கு மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2

வெக்டார் படம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. (தெரிந்தவர்கள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.)

போனில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினால் ஓர் அளவுக்கு மேல் கலங்கிவிடும். வெக்டார் படம் கலங்காது. அது புள்ளிகளும் அவற்றைச் சேர்க்கிற கோடுகளுமாக வரையப்பட்டது. தபால்தலை அளவில் வரைந்ததைச் சுவரளவு பெரிதாக்கலாம். இதற்குப் பெரிய கம்பெனியின் மென்பொருள் ஒன்று இருக்கிறது, மாதாமாதம் வாடகை கேட்கும். இளமதி வைத்திருப்பது ஒரே தடவை வாங்கினால் போதும் என்கிற சின்னக் கம்பெனியுடையது. பேனா உண்டு, தூரிகை உண்டு, வண்ணத்துக்குக் குறைவே இல்லை. வரைந்த வடிவத்தின் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்து இரண்டாக்குகிற கத்தி மட்டும் இல்லை. கோட்டை நடுவில் நறுக்குகிற கத்தரிக்கோலும் இல்லை.

துணிக்கடை வைத்துவிட்டுக் கத்தரிக்கோல் வாங்காதவன் கதையாக இருக்கிறதே என்றேன்.

"உலகம் பூரா கேக்குறாங்க சார்" என்று இளமதி ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். அந்த மென்பொருளை வாங்கியவர்கள் கூடிப் பேசுகிற இடம். யாரோ ஒரு ஜெர்மன்காரர், பிரேசிலில் ஒரு அம்மா, இன்னும் ஊர் பேர் தெரியாத நூறு பேர், ஆறு வருடமாக ஒரு கத்தி கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வருடம் "ஐயா, தயவுசெய்து" என்கிறார்கள். நாலாம் வருடம் கெட்ட வார்த்தை. ஆறாம் வருடம் மறுபடியும் "ஐயா, தயவுசெய்து". நடுவில் ஓரிடத்தில் இளமதியும் எழுதியிருந்தார், சின்ன ஆங்கிலத்தில்: இந்தியாவிலிருந்து எழுதுகிறேன், நாங்கள் மண்ணில் வேலை செய்கிறவர்கள், எங்களுக்கும் கத்தி வேண்டும்.

அந்த வரியைப் படித்தபோது என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

3

மீதிக் கோபம் இறங்கியது கோவிந்தராசுவால். அவரை இப்போதே உள்ளே கூட்டி வருகிறேன்.

கோவிந்தராசு வேப்பூரில், சென்னை–திருச்சி ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பழைய கொட்டகையைப் பிரித்துவிட்டுக் கட்டடம் கட்டியிருந்தார். அவர் மனைவி பாஞ்சாலை இறந்து முதல் வருடம் நிறைகிற நாளில் கடை திறப்பு. இருபது வருடம் அடுப்பண்டை நின்று பரிமாறியவர் பாஞ்சாலை. புதுக் கடையில் அதே இடத்துச் சுவரில், பீங்கான் ஓட்டில், அவருடைய படம் வேண்டும்.

நான் என் ரயிலுக்காகக் காத்திருந்த நாளில்தான் கோவிந்தராசு வந்தார். ஆகவே இந்தப் பேச்சை நான் கேட்டேன்.

"ஆளு ஒசரத்துக்கு வேணும்ங்க. அடுப்பாண்ட நின்னுக்கினு கரண்டியில கொழம்பு ஊத்துற மாதிரி."

"செஞ்சிடலாம்ங்க" என்றார் காத்தவராயன். "சூளைத் தட்டு ஓரடிக்கு ஓரடிதான். படத்த ஓரடி ஓரடியா வெட்டி, சுட்டு, சொவுத்துல சேத்துடுவோம்."

"வெட்டக்கூடாதுங்க."

"வெட்டாம எப்பிடிங்க? சாமி படம்னா மொகத்துல கோடு விழாம பாத்துக்குவோம். அது எங்க பழக்கம். மத்த எடத்துல கோடு வரத்தான் செய்யும்."

கோவிந்தராசு தலையை ஆட்டி மறுத்தார்.

"ஆஸ்பத்திரியில ரெண்டு தடவ வெட்டித் தச்சாங்க. அஞ்சு நிமிசத்துல சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்கன்னாங்க. ரெண்டு தடவயும் கையெழுத்து போட்டது நானு. இனிமே அவ மேல ஒரு கோடு விழக்கூடாதுங்க. மொகம் மட்டும் இல்ல. எங்கயும்."

காத்தவராயன் கையை விரித்தார். வேறு இடம் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தவரை இளமதி முந்திக்கொண்டார்.

"அண்ணே, அக்கா எந்த மாதிரி சேலை கட்டுவாங்க?"

4

(இங்கே ஒரு பழைய வாக்கியம் கிடக்கிறது, நீக்க மனம் வரவில்லை: "அந்தக் கேள்வியில் இளமதியின் கண்கள் —". கண்கள் என்ன செய்தன என்று நான் கவனிக்கவில்லை. பொய் எதற்கு.)

மாம்பழ நிறத்தில் ஒரே கலர் சேலைதான் பாஞ்சாலைக்குப் பிடிக்கும் என்றார் கோவிந்தராசு. கையிலிருந்த ஒரே நல்ல போட்டோவிலும் அதுதான். கட்டம் போட்ட சேலை எதுவும் கிடையாதா என்று இளமதி கேட்டார். மறுநாள் கோவிந்தராசு ஒரு ஜவுளிக்கடைப் பையில் சேலையையே கொண்டுவந்துவிட்டார். கடையில் வேலை செய்யும்போது கட்டுகிற கட்டம் போட்ட நூல் சேலை. முந்தானையில் எண்ணெய்க் கறை இருந்தது.

அதன் பிறகு இளமதி செய்ததைத்தான் நான் வாய் பிளந்து பார்த்தேன். என் ரயிலை ஓரமாக நிறுத்திவிட்டு முழு உருவத்தையும் வரைந்தார். ஓடுகள் சேருகிற இடத்தையெல்லாம், உருவத்தில் ஏற்கெனவே கோடு இருக்கிற இடத்துக்கு நகர்த்தினார். முகம் ஒரே துண்டு. அது தலைமுடி தொடங்குகிற இடத்திலும் தாலிக்கயிற்றிலும் முடிந்தது. ரவிக்கைக் கை விளிம்பில் ஒரு சேர்ப்பு. வளையலில் ஒன்று. மற்றதெல்லாம் சேலையின் கட்டங்களிலும் கொசுவத்தின் மடிப்புகளிலும் ஒளிந்துகொண்டன.

"கோடு விழல சார். கோடு இருந்த எடத்துலதான் ஓடு சேருது" என்றார்.

மொத்தம் நாற்பத்தொரு துண்டு. இப்போது கத்தி இல்லாத கஷ்டத்துக்கு வருகிறேன். கத்தி இருந்தால், கட்டத்தின் மேலேயே ஒரு இழுப்பு, இரண்டு துண்டு, தீர்ந்தது. இல்லாதபோது இப்படி: சேலை வடிவத்துக்கு இரண்டு நகல் எடுக்க வேண்டும். வெட்ட வேண்டிய கோட்டுக்கு ஒரு பக்கத்தை முழுதும் மூடுகிற மாதிரி இன்னொரு வடிவம் வரைய வேண்டும். ஒரு நகலில் இரண்டுக்கும் பொதுவான பகுதியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அது ஒரு துண்டு. மற்ற நகலில் அந்தப் பகுதியைக் கழிக்கச் சொல்ல வேண்டும். அது மறு துண்டு. சேலைக்குக் கீழே நிழல் ஓர் அடுக்கு, கரை ஓர் அடுக்கு. அவற்றுக்கும் இதே பாடு. ஒரு வெட்டுக்கு மூன்று வெட்டு.

அந்த உலகக் கூட்டத்தில் குறுக்குவழி ஒன்றும் சொல்லியிருந்தார்கள். நூல் போல மெல்லிய பட்டை ஒன்றை வரைந்து, அதைக் கழித்துவிட்டால் வடிவம் இரண்டாகிவிடும். ஒரே வேலை. எனக்கு அது போதுமென்று தோன்றியது.

"பட்டை இருந்த எடம் காணாம பூடும் சார். மயிரளவுதான், இருந்தாலும் அக்காவுல கொறையும்" என்றார் இளமதி.

* அடிக்குறிப்பு: என் ஆறு தொகுப்புகளில் இந்தக் கவனத்தோடு நான் ஒரு வரியையாவது திருத்தியிருக்கிறேனா என்று யோசித்தேன். பதில் வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே இங்கே எழுதவில்லை.

5

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். இளமதி ரொம்ப நல்லவராக வருகிறார். கதையில் இவ்வளவு நல்லவரை வைத்தால் வாசகர் நம்பமாட்டார். குறை தேடினேன். டீயை ஆறவிட்டுவிட்டு மறுபடி சுடவைத்துக் குடிப்பார். கோப்புகளுக்குப் பெயர் வைக்கத் தெரியாது. "கை", "கை புதுசு", "கை கடைசி", "கை கடைசி ரெண்டு" என்று கம்ப்யூட்டரில் கைகளாகவே கிடந்தன. இந்தக் குறையை நான் சிரிப்புக்காகத்தான் குறித்துக்கொண்டேன். அதுவே பிறகு கழுத்தைப் பிடிக்கும் என்று தெரியாது.

இன்னொன்று. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று இந்தப் பகுதியை முடிக்க எனக்குக் கை துறுதுறுத்தது. கத்தி இருந்திருந்தால் இளமதி கட்டம் கட்டமாக நேரே அறுத்துத் தள்ளியிருப்பார், இல்லாததால்தான் யோசித்தார், குறைதான் கலையை வளர்க்கிறது, இத்யாதி. அவரிடமே சொல்லிப் பார்த்தேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். சேலையில வெட்டலாம்னு யோசிக்க எனக்கு ஒரு நிமிசம்தான் ஆச்சு. கத்தி இருந்திருந்தா மிச்ச வேலைய ரெண்டு நாள்ல முடிச்சிட்டு எம் பொண்ணோட ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் போயிருப்பேன். பத்தொம்பது நாளு ஆயிடுச்சு."

அந்தப் பெண் மேடையில் ஆடியதை இளமதி போனில்தான் பார்த்தார். ஆகவே நீதி எதுவும் கிடையாது. பழமொழியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

6

தப்பு நடந்தது சுருக்கத்தில். மண் வேலை செய்யாதவர்களுக்கு இந்தத் தப்பு வரவே வராது.

பச்சை மண்ணில் நூறு சென்டிமீட்டர் இருப்பது, காய்ந்து வெந்து வரும்போது எண்பத்தெட்டாகிவிடும். அதனால் படத்தை முதலிலேயே அதற்கு ஈடாகப் பெரிதாக்கி, அந்த அளவில் தாளில் எடுத்து, மண் பலகை மேல் வைத்து அறுப்பார்கள். எங்களூரில் சுருக்கத்தை மறக்கிற டிசைன்காரர் கிடையாது. தூக்கத்தில் எழுப்பினாலும் முதலில் பெரிதாக்கிவிடுவார்கள்.

கரண்டி பிடித்த வலது கை, காய வைத்திருந்தபோது விரல் இடுக்கில் விரிசல் விட்டது. அந்த ஒரு துண்டை மட்டும் மறுபடி செய்ய வேண்டும். கத்தி இல்லாத புண்ணியத்தில் கம்ப்யூட்டரில் வெட்டுக்கு ஒரு நகலாகக் கைகள் குவிந்து கிடந்தன அல்லவா? இளமதி ஒரு கையை எடுத்தார், பழக்கத்தில் பெரிதாக்கினார். அது ஏற்கெனவே பெரிதாக்கிய கை.

மண்ணுக்கு ஒன்று, மெருகுக்கு ஒன்று என்று இரண்டு சூளையும் முடிந்து எல்லாத் துண்டும் வந்த பிறகுதான் தெரிந்தது. யூனிட் தரையில் கோணியை விரித்துப் பாஞ்சாலையை அடுக்கினார்கள். தலை, முகம், தோள், கட்டம் கட்டமாகச் சேலை, பாதம். நான் என் அட்டைப்படத்தை மறந்து கோணி ஓரத்தில் நின்றேன். இத்தனை துண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சேர்ப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணி, வேலைக்கு நடுவில் யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கிறார். அவ்வளவு அழகு. கடைசியாக வலது கையை வைத்தார்கள். மணிக்கட்டு வளையலுக்கு வெளியே இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது.

மறுபடி மண் பிசைந்து, காய வைத்து, இரண்டு முறை சுட ஒன்பது நாளாவது வேண்டும். திறப்புக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"மிஷினு இருக்குது" என்றார் காத்தவராயன். ஓடு அறுக்கிற வைரச் சக்கரம். "மணிக்கட்டு ரெண்டு பக்கமும் லேசா அறுத்தா வளையலோட சேந்துக்கும். அஞ்சு நிமிச வேலை. சொல்லவே வேணாம், அவருக்குத் தெரியவா போவுது?"

இளமதி அந்தக் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சொல்லணும் மொதலாளி. வெட்டக்கூடாதுன்னு ஒண்ணுதான் கேட்டாரு."

7

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று. கோவிந்தராசு கோணி அருகே குந்தி உட்காருகிறார். பெரிய கையைத் தொட்டுப் பார்க்கிறார். "இருக்கட்டும்ங்க. அவ கை அப்பிடித்தான். யாருக்கும் அள்ளித்தான் ஊத்துவா" என்கிறார்.

(எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் சந்தேகம் வந்தது. கோவிந்தராசு வேப்பூரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே, பார்சல் ஆபீஸ் ரசீதின் பின்பக்கத்தில் நான் இதை எழுதி முடித்திருந்தேன். மனிதர் வாயில் நான் சர்க்கரை போட்டிருக்கிறேன்.)

முடிவு இரண்டு. "அறுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார். மிஷின் சத்தம் கேட்கிறது. அவர் முதுகு மட்டும் —

(இதுவும் வேண்டாம். முதுகைக் காட்டினால் வாசகர் அழுவார் என்று எனக்கு யார் சொன்னது?)

8

இனி, நான் பார்த்தவரை நடந்தது.

கோவிந்தராசு மினி லாரியோடு வந்தார். இளமதி வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்.

"அண்ணே, வலது கையில தப்பு பண்ணிட்டேன். பெருசா வந்துடுச்சு. தப்பு என்னுது. அப்பிடியே வச்சா வளையலாண்ட துருத்திக்கினு தெரியும். சேரணும்னா மணிக்கட்டுல அறுக்கணும். புதுசா செய்யலாம், ஆனா தெறப்புக்கு வராது. எதுன்னாலும் நீங்கதான் சொல்லணும்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். நாங்களும் பின்னால் போனோம். கோணியில் கிடந்த மனைவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எந்தக் கட்டத்தில் ஓடு சேருகிறது என்று விரலால் தடவித் தேடினார். கிடைக்கவில்லை. பிறகு வலது கைக்கு வந்தார்.

லாரி டிரைவர் வெளியே ஆரன் அடித்தார். இளமதி வெளியே போய் ஆரனை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"அவசரம் ஒண்ணுமில்லண்ணே. எவ்ளோ நேரம் ஆனாலும் ஆவட்டும்."

கோவிந்தராசு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

இருந்தோம். நான், காத்தவராயன், இளமதி, டிரைவர். கால் மணி நேரம், அரை மணி நேரம். பிறகு அவர் இளமதியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். பக்கத்து யூனிட்டில் மண் அரைக்கிற மில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே பேச்சு நடந்ததா, சக்கரம் ஓடியதா என்று என் காதுக்குத் தெரியவில்லை. கதவு திறந்தபோது துண்டுகள் எல்லாவற்றையும் தாள் சுற்றி, வைக்கோல் வைத்து, பெட்டியில் அடுக்கியிருந்தார்கள், இருவருமாகச் சேர்ந்து. கையும் அதற்குள்தான் இருந்தது.

லாரி போன பிறகு இளமதியிடம் கேட்டேன். அவர் மறுபடி சுடவைத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அத எழுதாதீங்க சார்."

"ஏம்மா, கதையே அதுலதான இருக்குது?"

"கதை உங்களுது. எந் தப்பையும் எழுதிக்குங்க, கத்தி இல்லாததுனால வந்துச்சுன்னு மட்டும் எழுதாதீங்க. பேரு ஒழுங்கா வச்சிருந்தா வந்திருக்காது. ஆனா அவரு சொன்னது அவருக்கும் அந்த அக்காவுக்கும் நடுவுல. நான் பக்கத்துல இருந்ததால காதுல விழுந்துச்சு, அவ்ளோதான்."

மூன்று நாள் விடாமல் கேட்டுப் பார்த்தேன். என் அட்டைப்படத்தை முடித்துக் கொடுத்தார். ரயில் எழுத்துகளை அவ்வளவு சுத்தமாக ஊடறுத்துப் போகிறது. உள்ளே நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை திருச்சிக்குப் போனேன். வேப்பூரில் பஸ் அந்தக் கடை முன்னால்தான் நின்றது. எல்லோரும் இறங்கிச் சாப்பிட்டார்கள். நான் இறங்கவில்லை. பசி இருந்தது.

உங்கள் பஸ்ஸும் அங்கே நிற்கலாம். நீங்கள் இறங்குங்கள், சாப்பிடுங்கள், அடுப்பண்டை சுவரைப் பாருங்கள். அந்தக் கையைப் பார்த்த பிறகு இந்தக் கதைக்கு முடிவு உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எழுதிவிடாதீர்கள்.